எட்டு ஆறான கணக்கு

பழுதுற்ற பொருளைக் கண்டதும் குப்பைத் தொட்டியை நாடும் வழக்கம் இன்று நம் இல்லங்களில் வேரூன்றிவிட்டது. அம்மி கொத்துவோரும் ஈயம் பூசுவோரும் குடை செப்பனிடுவோரும் தெருவில் குரல் கொடுத்துச் சென்ற காலத்தைப் பெரியோர் அறிவர். அக்குரல்கள் ஓய்ந்தமைக்கு இரங்கல் பாட நாம் எழுதுகோலை எடுக்கவில்லை. வானூரில் நம் இல்லத்தில் நிகழ்ந்த சிறு நிகழ்ச்சி ஒன்று, பழுது பார்த்தலைக் குறித்து நம்மைச் சற்று ஆழ்ந்து எண்ணச் செய்தது. அதனையே ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

நம் மாமனார் மணிலாக்கொட்டை வாங்கி விற்பவர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர் சட்டைப் பையை விட்டு அகலாதது ஒரு கையடக்கக் கணிப்பான். சென்ற பங்குனியில் மூதாட்டி ஒருவர் 26 கிலோ மணிலாவைக் கொண்டுவந்தார். கிலோ 71 ரூபாய். கணிப்பானின் திரையில் 1646 என விழ, மாமனார் பணத்தை எண்ணி நீட்டினார். பள்ளி வாயிலை மிதித்தறியாத அம்மூதாட்டியோ, “இருபத்தாறு எழுபது ஆயிரத்து எண்ணூற்றிருபது, மேலே ஒரு இருபத்தாறு. இருநூறு குறையுதே ஐயா!” என்றார். வாய்க்கணக்கு வென்றது, மின்கணக்கு தோற்றது.

தோற்றது கணக்கன்று, திரை என்பது பின்னரே புலனாயிற்று. கணிப்பானில் ஒவ்வோர் எண்ணும் ஏழு சிறு கோடுகளால் ஆகின்றது. ஏழும் தோன்றினால் எட்டு. வலப்பக்கத்து மேற்கோடு ஒன்று மட்டும் மறைந்தால் அந்த எட்டு ஆறாகிவிடும், ஒன்பதோ ஐந்தாகிவிடும். அக்கோட்டைக் கொண்ட ஏனைய எண்கள் கோணல்மாணலாகத் தோன்றித் தம் குறையைத் தாமே காட்டிக்கொடுக்கும். எட்டும் ஒன்பதும் மட்டும் வேறோர் எண்ணின் வேடம் பூண்டு நேர்மையானவை போல நிற்கும். நூறாம் இடத்தில் எண்கள் சில நாளாகவே கோணலாகத் தெரிந்ததை மாமனாரும் கண்டிருக்கின்றார். “பழகிவிட்டது” என்பதே அவர் விடை. முற்றிலும் செத்துப்போன கருவி எவரையும் ஏமாற்றுவதில்லை. பாதி உயிருடன் இருப்பதே அஞ்சத்தக்கது.

இத்தகைய பிழை எளியோர் கருவிக்கு மட்டும் உரியதெனக் கருதவேண்டா. 1967இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் ஜாக் கில்பியின் குழுவினர் கையில் ஏந்தத்தக்க கணிப்பானின் முதல் மாதிரியை உருவாக்கினர். 1972இல் ஹியூலெட் பேக்கார்டு நிறுவனம் 395 டாலர் விலையில் வெளியிட்ட ‘எச்.பி.-35’ அறிவியல் கணிப்பான் பொறியாளர் உலகையே வியக்கவைத்தது. எனினும் அதன் தொடக்கப் பிரதிகளில், 2.02 என்னும் எண்ணுக்கு இயல்மடக்கை கண்டு மீண்டும் அடுக்கேற்றினால் 2 என்றே விடை வந்தது. நிறுவனம் பிழையை மறைக்காமல், வாங்கியோர்க்கு மாற்றித்தர முன்வந்தது.

இனி நம் கணிப்பானுக்கு வருவோம். மின்கலங்களை அகற்றிவிட்டு, பின்புறத் திருகாணிகளைச் சிறிய திருப்புளியால் கழற்றினோம். கண்ணாடித் திரைக்கும் மின்சுற்றுப் பலகைக்கும் இடையே மெல்லிய ரப்பர்ப் பட்டை ஒன்று இருந்தது. கரி கலந்த அடுக்கும் கலவாத அடுக்கும் மாறி மாறி அமைந்த அதனை வரிக்குதிரைப் பட்டை என்றே தொழில் செய்வோர் அழைக்கின்றனர். ஒவ்வொரு கோட்டுக்கும் உரிய மின்குறிப்பு அதன் வழியேதான் திரையை அடைகின்றது. அங்கே படிந்த அழுக்கே எட்டை ஆறாக்கிய குற்றவாளி! ஸ்பிரிட் தோய்ந்த பஞ்சால் பட்டையின் இரு விளிம்புகளையும் பலகையின் தொடுமுனைகளையும் துடைத்து, உலர்ந்தபின் பிறழாமல் வைத்துத் திருகாணிகளைச் சீராக இறுக்கினோம். மின்கலம் கசிந்து பூத்திருந்த முனைகளை வினிகர்த் துளியால் தேய்த்துத் துடைத்தோம். விசைகளின் அடியிலிருந்த கரிப்பொட்டுகளையும் தூய்மை செய்தோம். ஆகிய நேரம் ஒரு மணி; செலவு பத்து ரூபாய்க்கும் குறைவு. (சில கணிப்பான்களில் ரப்பர்ப் பட்டைக்கு மாறாக ஒட்டப்பட்ட மெல்லிய நாடா இருக்கும்; அதனை இழுத்தால் திரை மீளாது.)

மாணவச் செல்வங்கள் தம் கணிப்பானை ஐயுற்றால் இரண்டு சோதனைகள் போதும். எட்டு எட்டுகளை இட்டுப் பார்க்க. நம் கணிப்பான் முன்னர் 88888688 எனக் காட்டியது. பின்னர் 12345679 என்பதை 8ஆல் பெருக்குக. 98765432 என வரல் வேண்டும்.

“சில நூறு ரூபாய்க்குப் புதியது கிடைக்கின்றதே, கைப்பேசியிலும் கணிப்பான் உண்டே” என்பார் உளர். கைப்பேசியைத் தேர்வுக்கூடத்தினுள் விடமாட்டார்கள் என்பது ஒருபுறம் இருக்கட்டும். விலையை மட்டும் நோக்கின் அவர் கூற்று சரியே. ஆயினும் புதியதும் ஒருநாள் கோடு இழக்கும். அன்று அதனை ஐயுறும் அறிவை எந்தக் கடையில் வாங்குவது? ஒன்றிய நுகர்வோர் நலத்துறை 2022 ஜூலையில் பழுதுநீக்கும் உரிமைக்கெனக் குழு அமைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் அதற்கென இணையதளமும் திறந்தது. புதிய மின்னணுக் கழிவு விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தன. உரிமையை அரசு வழங்கலாம். திருப்புளி பிடிக்கும் கையை நாம்தான் பழக்கவேண்டும். கல்லூரிதோறும் ஒரு மேசை, சில திருப்புளிகள், பழுதான பத்துக் கணிப்பான்கள் ஆகியவற்றை வைத்தால் போதும். அம்மேசையில் தமிழ்த்துறைக்கும் இடம் உண்டு. பட்டை, பொட்டு, முனை, கசிவு என அவ்வுறுப்புகளுக்கும் பழுதுகளுக்கும் வேண்டிய சொற்களுட் பல, நாம் கலைச்சொல் அகராதியைப் புரட்டுமுன்னரே, வானொலிப் பெட்டி செப்பனிடும் தொழிலாளர் நாவில் இருக்கின்றன.

கணிப்பான் சீரான அன்றிரவு மாமனார் பழைய சிட்டைகளை எல்லாம் எடுத்துவைத்து மறுகணக்கிட்டார். விற்றதில் அவருக்கே சில நூறு ரூபாய் குறைந்திருந்தது. அதனை அவர் பொருட்படுத்தவில்லை. வாங்கியதில் மூவருக்குக் குறைவாகக் கொடுத்திருந்தார். இருவர் வீட்டுக்கு மறுநாளே சென்று பணத்தைச் சேர்த்தார். மூன்றாமவர் கிளியனூர்ப் பக்கத்தவர், மீண்டும் வரவில்லை. அவருக்குரிய நானூறு ரூபாய் இன்றும் கல்லாப்பெட்டியில் சிட்டையுடன் மடித்துவைக்கப்பட்டுள்ளது.