சொல் கேட்கும் பெட்டி

தொலைக்காட்சி தோன்றிய நாளில் அலைவரிசையை மாற்ற விரும்பியவர் எழுந்து சென்று குமிழைத் திருக வேண்டியிருந்தது. 1950ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெனித் நிறுவனம் கம்பியால் இணைத்த தொலையியக்கியை விற்பனைக்குக் கொணர்ந்தது. 1955இல் அந்நிறுவனப் பொறியாளர் யூஜின் பாலி ஒளிக்கற்றையால் இயக்கும் கருவியை அமைத்தார். 1956இல் ராபர்ட் ஆட்லரின் கருவி செவிக்கு எட்டாத ஒலியால் அதே பணியைச் செய்தது. இருந்த இடத்திலிருந்தே ஆணையிடும் பழக்கம் இவ்வாறு வேரூன்றியது.

இன்று பொத்தானும் வேண்டா, வாய்ச்சொல்லே போதும். எழுத்தறியா மூதாட்டியும், பார்வையிழந்தவரும், கை நடுங்கும் முதியவரும் பிறர் தயவின்றித் தாம் விரும்பியதைக் கேட்டுப் பெற இயலும். இது சிறிய நன்மையன்று.

ஆயினும், நம் சொல்லைக் கேட்கும் பெட்டி நம்மைக் குறித்துப் பிறருக்குச் சொல்லவும் கூடும் என்பதை மறத்தலாகாது. வீட்டார் எதைப் பார்க்கின்றனர் என்பதை அவர்தம் இசைவின்றித் திரட்டியதாக எழுந்த வழக்கில், விசியோ என்னும் தொலைக்காட்சி நிறுவனம் 2017இல் 22 இலட்சம் டாலர் செலுத்த உடன்பட்டது. காட்சியைக் கண்டறியும் வசதிக்கே இந்நிலை எனில், ஒலிவாங்கியும் ஒளிப்படக் கண்ணும் பொருந்திய பெட்டியிடம் எத்துணை விழிப்பு வேண்டும்!

எனவே, இரண்டைக் கேட்டுப் பெறுவோம். ஒன்று, ஒலிவாங்கியை முற்றிலும் அணைக்கும் விசை கண்ணுக்குத் தெரியும் இடத்தில் அமைதல். மற்றொன்று, நம்மிடம் இசைவு கேட்பதாயின் நமக்கு விளங்கும் தமிழில் கேட்டல். பெட்டி நம் சொல் கேட்கட்டும். நம் வீட்டுப் பேச்சை ஒட்டுக் கேட்க வேண்டா.