நம் லைன்களிலிருந்து ஆசிரியர்கள் வரவேண்டும்

மாரிகுப்பம் ரயில் நிலையத்தில் விடியுமுன்பே கூடுகிற கூட்டத்தைப் பார்த்தால் போதும், நம் ஊரின் பொருளாதாரம் விளங்கிவிடும். 2001 பிப்ரவரி 28ஆம் நாள் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. அதன் பிறகு தங்கவயல், பெங்களூருக்குத் தினந்தோறும் ஆள் அனுப்பும் ஊராகிவிட்டது. பாட்டன் பூமிக்கடியில் இறங்கினான். பேரன் ரயிலேறுகிறான். இருவருமே இருட்டில் புறப்பட்டு இருட்டில் வீடு திரும்பியவர்கள்தான்.

இந்த நிலையில் ஒரு தொழிலாளியின் மகனோ மகளோ, "நான் டிகிரி படித்து, பி.எட். முடித்து, ஹைஸ்கூல் டீச்சர் ஆகப்போகிறேன்" என்று சொன்னால் வீட்டில் முதலில் எழுவது கணக்குதான். மகிழ்ச்சி பிறகுதான் வரும். அந்தக் கணக்கை நாம் கேலி செய்யக்கூடாது. பி.யு.சி.க்குப் பிறகு பட்டப்படிப்பு 3 ஆண்டு. பி.எட். 2 ஆண்டு. ஆக 5 ஆண்டு. அதே வயதுப் பக்கத்து வீட்டுப் பையன் பெங்களூரில் செக்யூரிட்டி வேலைக்குப் போய் முதல் மாதமே சம்பளம் கொண்டுவருகிறான். அவன் தங்கை கார்மெண்ட்ஸுக்குப் போகிறாள். அடுப்பு எரியவேண்டிய வீட்டில் 5 ஆண்டு என்பது சின்ன விஷயமா?

பி.எட். முன்பு 1 ஆண்டுப் படிப்பாக இருந்தது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகள் அதை 2 ஆண்டாக்கின. அந்த 2 ஆண்டுகளில் 20 வாரம் பள்ளிக்கூடங்களில் இருந்து பயிற்சி பெறவேண்டும். வேலைக்குப் போய்க்கொண்டே படித்துவிடலாம் என்ற வழியும் இதனால் ஏறக்குறைய அடைபட்டது. ஆசிரியரின் தரம் உயர இது தேவை என்றார்கள். தரம் உயரட்டும், வரவேற்கிறோம். ஆனால் கூடுதலாக வந்த அந்த ஓராண்டின் கட்டணமும், அந்த ஓராண்டில் வராமற்போன கூலியும் யார் தலையில் விழுந்தன? வசதியுள்ளவன் வீட்டில் அது ஓராண்டுத் தாமதம். நம் வீட்டில் அது படிப்பை நிறுத்துவதற்கான காரணம்.

இவ்வளவும் தெரிந்தேதான் நாம் சொல்கிறோம்: நம் பிள்ளைகள் பட்டம் பெற்று உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களாக வேண்டும். அதற்கான செலவை அந்தந்தக் குடும்பத்தின் தலையில் மட்டும் கட்டிவிட்டு நாம் ஒதுங்கியிருக்கவும் கூடாது.

முன்னோர் காட்டிய வழி

வடாற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் பஞ்சத்துக்கும் பண்ணையடிமைத்தனத்துக்கும் தப்பி வந்த மக்கள் நாம். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே கால் வைத்தபோது அதற்கு வேண்டியிருந்தது நம் தோள்வலிமை மட்டுமே. நம் பிள்ளைகள் படிக்கவேண்டும் என்று கம்பெனிக்கு என்ன அக்கறை? அக்கறை நம்மவர்களுக்கே இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் மாரிகுப்பத்தில் வேர்விட்டது. பண்டிதர் 1907இல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' பத்திரிகையை, அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, 1926இல் அப்பாதுரையார் இதே தங்கவயலிலிருந்து மீண்டும் கொண்டுவந்தார். எண்ணிப் பாருங்கள்! சுரங்கத்தில் துளையிடும் தொழிலாளர்கள் வாழும் லைன்களின் நடுவிலிருந்து ஒரு பத்திரிகை! 1954இல் டாக்டர் அம்பேத்கர் இங்கே வந்தபோது அவரை வரவேற்றவர்கள், எழுத்தின் அருமையை முன்பே உணர்ந்திருந்த மக்கள்.

உலகத்தில் வேறு சுரங்க மக்களும் இந்தப் பாதையில் நடந்திருக்கிறார்கள். இங்கிலாந்துக்கு மேற்கேயுள்ள வேல்ஸ் நாட்டில் நிலக்கரித் தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து சில்லறைக் காசுகளைப் பிடித்துக் கொடுத்து நூலகங்களும் படிப்பகங்களும் கட்டினார்கள். 13 வயதில் சுரங்கத்தில் இறங்கிய அனைரின் பெவன் தொழிற்சங்கத்தின் உதவியால் 1919இல் லண்டனுக்குப் படிக்கப்போனார். பின்னாளில் அமைச்சராகி, 1948இல் அந்நாட்டு மக்கள் அனைவருக்கும் இலவச மருத்துவத்தைக் கொண்டுவந்தார். அந்தப் பள்ளத்தாக்குகளிலிருந்து ஆசிரியர்கள் ஏராளமாகப் புறப்பட்டார்கள். பிள்ளை தன்னைப்போல் கரிக்குழியில் இறங்கக்கூடாது என்று நினைத்த தகப்பனுக்குக் கைக்கெட்டிய முதல் படி ஆசிரியர் வேலைதான்.

நம் சொந்த இரத்தமான இலங்கை மலையகத் தமிழரைப் பாருங்கள். தோட்டப் பள்ளிக்கூடங்கள் நெடுங்காலம் தோட்ட நிர்வாகத்தின் தயவில் கிடந்தன. 1970களிலிருந்து அரசு அவற்றை ஏற்கத் தொடங்கியது. 1980களில் தோட்டத்து லயங்களிலிருந்தே படித்த இளைஞர்கள் ஆசிரியர்களாகச் சேர்க்கப்பட்டார்கள். பின்னர் அவர்களைப் பயிற்றுவிக்கப் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரியும் எழுந்தது. கொழுந்து பறிக்கும் தாயின் பிள்ளைக்கு அதே லயத்தில் பிறந்தவர் பாடம் சொல்லிக்கொடுத்தபோது பள்ளிக்கூடம் அந்த மக்களின் சொந்த இடமாயிற்று. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

"தமிழ்நாட்டுக்குப் போய்விடலாமே!"

ஆசிரியர் வேலை என்றவுடன் நம்மில் சிலர், "தமிழ் படித்தவனுக்கு இங்கே என்ன இருக்கிறது, தமிழ்நாட்டுக்குப் போய் எழுதிக்கொள்ளட்டும்" என்கிறார்கள். சொல்வது எளிது. சட்டம் என்ன சொல்கிறது?

பட்டியல் சாதிச் சலுகை மாநிலம் சார்ந்தது. 1950இல் குடியரசுத் தலைவரின் ஆணை வெளியானபோது ஒரு குடும்பம் எந்த மாநிலத்தில் நிலையாக வாழ்ந்ததோ, அந்த மாநிலத்தில்தான் அதற்கு அந்தத் தகுதி. வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அது கூடவே வராது என்று உச்ச நீதிமன்றம் 1990இல் மரி சந்திரசேகர ராவ் வழக்கில் தீர்ப்பளித்தது. 2018இல் பீர் சிங் வழக்கில் அதையே உறுதி செய்தது. ஆதி திராவிடர் என்ற பெயர் கர்நாடகப் பட்டியலிலும் இருக்கிறது, தமிழ்நாட்டுப் பட்டியலிலும் இருக்கிறது. ஆனால் மூன்று நான்கு தலைமுறையாகத் தங்கவயலில் வாழும் நம் குடும்பங்களின் உரிமை கர்நாடகத்தில்தான். இங்கே இடஒதுக்கீட்டில் வரக்கூடிய பிள்ளை, தமிழ்நாட்டு ஆசிரியர் தேர்வு எழுதப் போனால் பொதுப் பிரிவில் நிற்கவேண்டும். பட்டமும் பயிற்சியும் முடித்தபிறகு இதைத் தெரிந்துகொள்வதில் பயனில்லை. பி.யு.சி. படிக்கும்போதே தெரியவேண்டும். சாதிச் சான்றிதழையும் அப்போதே எடுத்து வைக்கவேண்டும்.

ஆகவே நம் போராட்டக் களம் இதுதான், கர்நாடகம்தான். நம் பாட்டன்மார் உயிரைக் கொடுத்த மண் இது. இங்கே நாம் விருந்தாளிகளும் அல்ல, அந்நியர்களும் அல்ல.

அப்படியானால் இன்னொன்றையும் ஒளிவுமறைவின்றிச் சொல்லவேண்டும். கர்நாடகத்தில் அரசு ஆசிரியர் ஆகவேண்டியவருக்குக் கன்னடம் வேண்டும். கடைவீதிக் கன்னடம் போதாது. பிழையின்றி எழுதவும் வகுப்பில் நின்று விளக்கவும் தெரியவேண்டும். கன்னடம் கற்பது தமிழுக்குத் துரோகம் என்று மேடையில் முழங்குகிறவர்கள் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத்தான் முழங்குகிறார்கள். தமிழை விடாமல் கன்னடத்தையும் கற்ற ஆசிரியரே இரு பக்கத்து மக்களுக்கும் பாலமாவார். தமிழ்ப் பிள்ளையின் திணறலைப் புரிந்துகொண்டு அவனுக்குக் கன்னடம் கற்பிக்கக்கூடியவரும் அவரே.

சங்கிலி அறுபடுகிறது

இதில் தமிழின் கதி என்ன? மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர ஏற்பாடு செய்யவேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350ஏ பிரிவு 1956 முதல் சொல்லிக்கொண்டிருக்கிறது. கர்நாடக எஸ்.எஸ்.எல்.சி. தேர்வில் தமிழை முதல் மொழியாக எழுத இன்றும் இடமிருக்கிறது. உரிமை ஏட்டில் இருக்கிறது. வகுப்பறையில் என்ன நடக்கிறது? தமிழ் ஆசிரியர் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலி காலியாகவே கிடக்கிறது. சொல்லிக்கொடுக்க ஆளில்லாத பள்ளியிலிருந்து பெற்றோர் பிள்ளையை எடுத்துவிடுகிறார்கள். பிறகு அதிகாரி வந்து தலையை எண்ணிவிட்டு, "மாணவர்களே இல்லையே, பள்ளிக்கூடம் எதற்கு?" என்கிறார். சுரங்கத்தை மூடியபோதும் இப்படித்தான்: முதலில் கவனிக்காமல் விட்டார்கள், பிறகு நஷ்டம் என்றார்கள்.

தகுதியுள்ள ஆசிரியர்கள் நம்மிடம் இருந்தால்தான் "இடத்தை நிரப்பு" என்று கேட்கும் குரலுக்கு வலு வரும். "ஆள் இல்லை" என்ற ஒரே பதிலால் நம்மை வாயடைக்க முடியாமற்போகும். ஒரு பெண்ணோ பையனோ பட்டமும் பி.எட்.டும் பெறுவது அந்தக் குடும்பத்துக்கு வேலை தேடித் தருவதோடு, ஒரு பள்ளிக்கூடத்தின் ஆயுளையும் நீட்டுகிறது என்று நாம் சொல்வது இதனால்தான்.

படிக்கப் போகிறவர் அறியவேண்டியவை

பட்டத்தில் எடுக்கும் பாடம் முக்கியம். உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியர் நியமனம் பாடவாரியாக நடக்கிறது. கணக்கு, பௌதிகம், இரசாயனம் ஒரு பிரிவு. இரசாயனம், தாவரவியல், விலங்கியல் ஒரு பிரிவு. சமூக அறிவியல், மொழிகள் தனித்தனி. பட்டத்தில் படிக்காத பாடத்துக்கு ஆசிரியராக முடியாது. சேர்வதற்கு இடம் கிடைத்தது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பட்டத்தில் சேர்ந்துவிடாதீர்கள். பி.எட்.டுக்குப் பட்டத்தில் 50 விழுக்காடு மதிப்பெண் வேண்டும்; ஒடுக்கப்பட்ட பிரிவினருக்குத் தளர்வு உண்டு.

பி.எட். முடித்தால் எந்த வகுப்புக்கும் போகலாம் என்ற எண்ணமும் தவறு. 1 முதல் 5 வரையான வகுப்புகளுக்குப் பி.எட். தகுதியாகாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அந்த வகுப்புகளுக்குத் தொடக்கக் கல்விப் பட்டயமே வேண்டும். 6 முதல் 8 வரை கற்பிக்க ஆசிரியர் தகுதித் தேர்விலும் வெல்லவேண்டும்.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, 2030க்குள் 4 ஆண்டு ஒருங்கிணைந்த ஆசிரியர் படிப்பையே அடிப்படைத் தகுதியாக்க எண்ணுகிறது. பி.யு.சி. முடித்தவுடன் சேர்கிற இந்தப் படிப்பில் பட்டமும் பயிற்சியும் சேர்ந்தே முடியும், ஓராண்டு மிச்சம். மைசூரில் 1963இல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் மண்டலக் கல்வி நிறுவனத்தில் இத்தகைய படிப்பு நெடுங்காலமாக நடக்கிறது. நுழைவுத் தேர்வுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கவேண்டும் என்பது தெரியாமலேயே எத்தனையோ நல்ல மாணவர்கள் வாய்ப்பை இழக்கிறார்கள்.

நம் தகப்பன்மார் காலத்தில் பட்டம் என்றால் மைசூர்ப் பல்கலைக்கழகம். 1964க்குப் பிறகு பெங்களூர்ப் பல்கலைக்கழகம். 2017இல் பெங்களூர் வடக்குப் பல்கலைக்கழகம் கோலாரிலேயே அமைந்துவிட்டது. தூரம் குறைந்திருக்கிறது. பட்டியல் சாதி மாணவர்களுக்கான மேற்படிப்பு உதவித்தொகையோ 1944 முதல் இருந்துவருகிறது. தொகை காலத்தில் வந்து சேர்வதில்லை என்பதே மாணவர்களின் குறை.

வேலை உறுதியா என்று கேட்பீர்கள். உறுதியில்லை. அரசு ஆண்டுதோறும் ஆள் எடுப்பதில்லை. தனியார் பள்ளிகளில் பி.எட். படித்தவருக்குக் கொடுக்கும் சம்பளம் சில இடங்களில் வெட்கக்கேடு. பொய்யாசை காட்டி யாரையும் படிப்பில் தள்ள நாம் விரும்பவில்லை. ஆனால் காவல் வேலையும் கார்மெண்ட்ஸும் உறுதியா? அங்கே 40 வயதில் உடம்பு தளர்ந்தால் மறுநாளே வேறு ஆள். படித்த படிப்பை எந்த முதலாளியும் கதவடைத்துப் பறிக்க முடியாது.

செய்யவேண்டியது

அரசை நாம் கேட்பது மூன்று. ஓய்வு பெறும் தமிழ் ஆசிரியரின் இடத்தை உடனே நிரப்பு. உதவித்தொகையைச் சேர்ந்த பருவத்திலேயே கொடு. பி.எட். பயிற்சியின் 2 ஆண்டும் ஏழை மாணவருக்கு மாதப்படி வழங்கு.

சங்கங்களை நாம் கேட்பதும் மூன்று. மாதந்தோறும் சிறு தொகை சேர்த்து ஆசிரியர் படிப்பு நிதி ஒன்றை வையுங்கள். ஆண்டுக்கு இரண்டு பேரைத் தாங்கினால்கூடப் பத்தாண்டில் இருபது ஆசிரியர்கள். மாலை நேரக் கன்னட வகுப்பு நடத்துங்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர்களை வைத்து விண்ணப்பம், சான்றிதழ், தேர்வு ஆகியவற்றுக்கு வழிகாட்டும் ஒரு மேசையைப் போடுங்கள். விழாவுக்குப் பந்தல் போடத் தெரிந்த நமக்கு இதுவா முடியாது?

தாய்மார்களே, தகப்பன்மார்களே! பெண்பிள்ளை பி.எட். கேட்டால் "கல்யாணம் ஆனபிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிவிடாதீர்கள். அந்தப் 'பிறகு' பெரும்பாலும் வருவதில்லை. ஒரு வீட்டில் ஒருவர் படிக்க மற்றவர்கள் இரண்டு ஆண்டு பல்லைக் கடித்துக்கொள்ளவேண்டியிருக்கும். பூமிக்கடியில் 3 கிலோமீட்டர் ஆழத்தில், வெந்து புழுங்கும் பாறை நடுவே நின்று வேலை செய்தவர்களின் வம்சம் நாம். அந்தப் பொறுமையில் ஒரு பங்கு போதும்.

அடுத்த கல்விச் சேர்க்கைக்குள் ஒவ்வொரு லைனிலும் பி.யு.சி. முடிக்கும் பிள்ளைகளின் பட்டியலை எடுங்கள். அதில் யார் ஆசிரியராக விரும்புகிறார்கள் என்று கேளுங்கள். அங்கிருந்து வேலையைத் தொடங்குவோம்.