சலத்தில் இரத்தம்: நின்றாலும் துண்டு வாங்குங்கோ

கொஞ்சம் நீளமான பதிவு. கூச்சப்படுகிற விஷயம் என்பதால் இதை யாரும் எழுதுவதில்லை.

வளர்ந்த ஒரு ஆளின் சலத்தில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒரு தடவை இரத்தம் போனாலும், நோவு இல்லாவிட்டாலும், அடுத்த நாளே நின்றுவிட்டாலும், அவரை யூரோலொஜி கிளினிக்குக்கு அனுப்பத்தான் வேண்டும். நான் டொக்டர் இல்லை, தொண்டைமானாற்றில் விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆசிரியர். ஆனால் இது டொக்டர்மாருக்குள்ளும் பெரிய வாதம் உள்ள விஷயம் இல்லை. இங்கிலாந்து வழிகாட்டலில், 45 வயதும் அதற்கு மேலும் உள்ளவருக்குக் கிருமித்தொற்று இல்லாமல் இரத்தம் போனால், அல்லது தொற்றுக்கு மருந்து எடுத்த பிறகும் இரத்தம் நிற்காமலோ திரும்பவோ வந்தால், புற்றுநோய்ச் சந்தேகம் என்று அவசரமாக அனுப்பச் சொல்லியிருக்கிறது. அமெரிக்க வழிகாட்டல் வயதே பார்க்கவில்லை.

எங்கட பக்கம் நடக்கிறது வேறு. இரத்தம் போகும். 'உடம்புச் சூடு' என்பார்கள். இளநீர், பார்லித் தண்ணி. ரெண்டு நாளில் நிற்கும். இளநீர் மாற்றிப்போட்டுது என்று சந்தோஷம். சலப்பைப் புற்றுநோயின் குணமே இதுதான்: ஒரு நாள் இரத்தம் காட்டும், பிறகு மாதக்கணக்கில் ஒன்றும் இராது. கல்லு நோவு வந்தவன் இரவோடிரவாக ஆஸ்பத்திரிக்கு ஓடுவான். நோவில்லாதவர் வீட்டிலேயே இருப்பார்.

எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், சுருட்டுப் பழக்கம் உள்ளவர், பாமசியில் சொல்லிக் குளிசை வாங்கி வாங்கியே எட்டு மாதம் கடத்தினார். கடைசியில் சோதித்தபோது கட்டி சலப்பையின் தசைக்குள் இறங்கியிருந்தது. மேற்படையோடு நிற்கிற கட்டியைச் சலவழியால் கருவி விட்டுச் சுரண்டி எடுக்கலாம். தசைக்குள் போனால் சலப்பையையே எடுக்கவேண்டி வரலாம். அந்த எட்டு மாதத்தின் விலை அதுதான்.

சலப்பைப் புற்றுநோய்க்கு முதல் காரணம் புகைத்தல். புகையிலை நஞ்சைச் சிறுநீரகம் வடித்து அனுப்ப, அது சலப்பையில்தான் மணிக்கணக்காகத் தேங்கி நிற்கிறது. புகையிலைத் தோட்டமும் சுருட்டும் தலைமுறையாக இருந்த குடாநாடு இது. சுருட்டு, பீடி, சிகரெட் குடித்த ஆள் என்றால் யோசிக்கவே தேவையில்லை. 'இரத்தம் இளக்கிற குளிசை போடுறன், அதாலதான்' என்று சொல்பவர்களும் உண்டு. குளிசை இரத்தப்போக்கைக் கூட்டலாம், எங்கிருந்து வருகுது என்று பார்க்கத்தான் வேண்டும். பீட்ரூட்டாலும் காசநோய்க் குளிசையாலும் நிறம் மாறுவதுண்டு. சாதாரண சலப் பரிசோதனையே அதைப் பிரித்துச் சொல்லிவிடும்.

பெண்களின் நிலை இன்னும் மோசம். மாதவிடாய் நின்று பத்து வருஷமான அம்மாவுக்கும் 'கிருமி' என்று ஒரு கோர்ஸ், திரும்பவும் ஒரு கோர்ஸ். கிருமி இருக்கா என்று சலத்தை வளர்த்துப் பார்க்காமல் மூன்றாவது கோர்ஸ் கொடுக்கிறார்கள் என்றால், கிளினிக் துண்டு கேட்கிற நேரம் வந்துவிட்டது.

சில வருத்தத்துக்குத் துண்டே தேவையில்லை, கிளினிக் நாளுக்குக் காத்திருக்கவும் கூடாது. சலம் முற்றாக அடைத்து அடிவயிறு வீங்கினால், கல்லு நோவோடு குளிர் காய்ச்சல் வந்தால், நேரே அவசர சிகிச்சைப் பிரிவு. 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் வரும், காசில்லை. இளம் பெடியனுக்குத் திடீரென்று விதையில் கடும் நோவு வந்தாலும் அப்படித்தான். விதை முறுக்குப்பட்டு ஆறு மணித்தியாலம் தாண்டினால் காப்பாற்றுவது கஷ்டம். வெட்கத்தில் விடியும்வரை சொல்லாமல் கிடந்தால் விதை போய்விடும்.

மற்றப் பக்கம், யூரோலொஜி கிளினிக் வரிசையில் நிற்கத் தேவையில்லாத ஆக்களும் நிற்கிறார்கள். இரவில் ரெண்டு தரம் எழும்புகிறவருக்கு முதலில் சீனி பார்க்கவேண்டும், படுக்கப்போகும் முன் குடிக்கிற தேத்தண்ணியைக் கேட்கவேண்டும். புரொஸ்டேட் வீக்கத்துக்கான முதல் குளிசையைக் கிட்டடி ஆஸ்பத்திரியிலேயே தொடங்கலாம். அதற்கும் சரிவராவிட்டால், சலம் தேங்கினால், தொற்றுத் திரும்பத் திரும்ப வந்தால், சிறுநீரகப் பரிசோதனை பிழைத்தால் அனுப்பலாம். 5 மில்லிமீற்றருக்குக் குறைந்த கல்லு பெரும்பாலும் தானாகவே போகும். (எல்லாரும் கிணற்றுச் சுண்ணாம்பைக் குற்றஞ்சொல்வார்கள். வெயிலில் நின்று வேலை செய்துவிட்டுத் தண்ணி குடிக்காமல் இருப்பதை யாரும் சொல்வதில்லை.) சலத்தில் தொற்று இருக்கும்போது பிஎஸ்ஏ சோதித்து, எண் ஏறியிருக்கு என்று குடும்பமே அழுவதும் தேவையில்லாத வேலை. இவர்களைக் கிட்டடியில் பார்த்து அனுப்பினால், இரத்தம் போகிறவருக்கு நாள் முந்திக் கிடைக்கும்.

எங்கட ஆக்களிடம் இன்னொன்று உண்டு. வுழூ செய்த பிறகும் சொட்டுச் சொட்டாகச் சலம் போகுது என்று பெரியவர்கள் மெல்ல மெல்லப் பள்ளிக்குப் போவதை நிறுத்திவிடுகிறார்கள். கேட்டால் முழங்கால் நோவு என்பார்கள். இதற்கு மார்க்கத்தில் சலுகை உண்டு, மௌலவியிடம் கேளுங்கோ. அதே மாதிரி டொக்டரிடமும் சொல்லுங்கோ, ஏனென்றால் சலப்பை நிரம்பி வழிவதும் இப்படித்தான் தொடங்கும். சந்நிதிக்குப் போவதை நிறுத்திய ஐயாமாரும் இருப்பார்கள், அவர்களையும் கேட்டுப் பாருங்கோ.

துண்டு வாங்குவது இலவசம். வல்வெட்டித்துறையிலோ மந்திகையிலோ காட்டி யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு எழுதுவிக்கலாம். சனல் பண்ணக் காசு சேரட்டும் என்று காத்திருக்கவேண்டாம். வெளிநோயாளர் பிரிவில் டொக்டருக்கு முன்னால் நூறு பேர் நிற்பார்கள், அவர் துருவிக் கேட்க நேரமில்லை. 'சலக்கடுப்பு' என்று தொடங்காமல், 'சலத்தில் இரத்தம் போனது' என்பதை முதல் வசனமாகச் சொல்லுங்கோ. போனில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. டொக்டர்மாரிடமும் ஒரு வேண்டுகோள்: துண்டில் 'சிறுநீர்ப் பிரச்சினை' என்று மட்டும் எழுதாமல், கண்ணுக்குத் தெரிந்த இரத்தம், எந்தத் திகதி, புகைப்பவரா என்ற மூன்றையும் எழுதிவிடுங்கோ. எந்தத் துண்டை முதலில் எடுப்பது என்று கிளினிக்கில் இருப்பவருக்கு அதைப் பார்த்துத்தான் தெரியும்.