ஒப்புக்குச் சப்பாணி

பள்ளி விளையாட்டுப் போட்டி நெருங்கும் மாதங்களில் நம் சபைகூடலில் ஒரு கதை தவறாமல் சொல்லப்படும். சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியில் பிறந்த சிறுவன்; ஐந்து வயதில் பள்ளிக்கு நடந்து போகையில் பேருந்து மோதி, வலக்கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிப் போனது; 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றான். "மாரியப்பன் தங்கவேலுவால் முடிந்தது, உன்னால் முடியாதா?" என்று கேட்டு முடிப்போம். மாணவர்கள் கைதட்டுவார்கள். மணி அடிக்கும். வகுப்புக்குப் போய்விடுவோம்.

இந்தக் கைதட்டலின்மேல் எனக்குப் பல ஆண்டுகளாகவே கோபம் உண்டு. அதை இன்று எழுதிவிடுகிறேன். ஆசிரிய நண்பர்கள் பொறுத்தருள்க. பெற்றோர்களும் தங்களுக்கு இதில் பங்கில்லை என எண்ண வேண்டா.

கதை உண்மைதான். ஆனால் சொல்லும்போது அதிலிருந்து ஓர் ஆசிரியரை நீக்கிவிடுகிறோம். கைப்பந்து ஆடிக்கொண்டிருந்த அந்த மாணவனை உயரம் தாண்டச் சொன்னவர் அவனுடைய பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். பதினான்கு வயதில் அவன் கலந்துகொண்ட முதல் போட்டியில் மற்றவர் அனைவரும் இரு கால்களும் நன்றாயிருந்தவர்கள். அவர்கள் நடுவே அவன் இரண்டாம் இடம் பெற்றான். யாரோ ஒருவர் போட்டிப் பட்டியலில் அவன் பெயரை எழுதியிருக்க வேண்டும். யாரோ ஒரு நடுவர் அவன் தாண்டிய உயரத்தை அளந்து, மற்றவர்களுடைய அளவுக்குப் பக்கத்திலேயே குறித்திருக்க வேண்டும். மருத்துவச் செலவுக்குத் தாயார் வாங்கிய கடன் மூன்று லட்சம் ரூபாய். இவற்றையெல்லாம் விட்டுவிட்டு "மனவுறுதி" என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொள்கிறோம். அந்தச் சொல் நமக்கு வசதியானது. அதற்காக நாம் எதுவும் செய்ய வேண்டியதில்லை; மனவுறுதி கொள்ள வேண்டியவன் அந்தப் பிள்ளைதானே!

நம் மொழியில் ஒரு வழக்கு உண்டு. தோட்டத்து லயங்களில் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடும்போது, மிகச் சிறியவனையும் ஓட முடியாதவனையும் சேர்த்துக்கொள்வார்கள். பிடிபட்டாலும் அவன் 'அவுட்' ஆகமாட்டான். அவன் ஒப்புக்குச் சப்பாணி. சப்பாணி என்றால் கால் ஊனமுற்றவன் என்று நாம் அறிவோம். கணக்கில் வராத ஆட்டக்காரனுக்குப் பெயர் தேடியபோது நம் முன்னோர்க்கு அகப்பட்ட சொல் அது! பிள்ளைகளின் வழக்கத்தில் ஓர் அன்பாவது இருக்கிறது; அவனை ஆட்டத்திற்குள் விட்டார்கள். பெரியவர்களாகிய நாம் அந்த அளவுக்கும் போவதில்லை.

நான் முன்பு பணியாற்றிய ஒரு பள்ளியில் (பெயர் வேண்டாம்) பிறவியிலேயே ஒரு பக்கம் வலுவற்ற மாணவன் ஒருவன் இருந்தான். ஆறு ஆண்டுகள், ஆறு போட்டிகள். முதலிரண்டு ஆண்டுகள் கூடாரத்தில் உட்கார்ந்து கைதட்டினான். பிறகு நாற்காலி துடைத்தான். ஆறாம் ஆண்டில் 'பொறுப்புணர்ச்சி' என்று சொல்லிப் பரிசுத் தட்டை ஏந்த வைத்தார்கள். நீல இல்லத்துச் சட்டையைத்தான் ஆறு ஆண்டும் அணிந்திருந்தான். நீல இல்லத்தின் கணக்கில் அவனால் ஒரு புள்ளியும் ஏறவில்லை. ஏறுவதற்கு ஒரு போட்டியும் வைக்கப்படவில்லை. அதே ஆண்டுகளில் சபைகூடலில் மாரியப்பன் கதை இருமுறை சொல்லப்பட்டது. அவன் முன்வரிசையில் நின்று கேட்டான்.

தமிழ்நாட்டுக் கதை தொலைவில் இருக்கிறது என்பவர்களுக்கு நம் நாட்டுக் கதையையே சொல்கிறேன். மலேசியாவின் முதல் மூன்று பாராலிம்பிக் தங்கங்களும் அதே 2016 ரியோவில் வந்தவை. 100 மீட்டர் ஓட்டத்தில் ரிட்சுவான் புசி, குண்டு எறிதலில் சியாட் சுல்கிப்ளி, நீளம் தாண்டுதலில் 7.60 மீட்டர் தாண்டி உலகச் சாதனை படைத்த அப்துல் லத்திப் ரொம்லி. அரசாங்கம் ஒலிம்பிக் வீரருக்கு அறிவித்திருந்த அதே பத்து லட்சம் ரிங்கிட்டை இவர்களுக்கும் தந்தது. இம்மூவரில் சியாட்டும் லத்திப்பும் போட்டியிட்ட பிரிவு எது தெரியுமா? அறிவுசார் குறைபாடு உடையோர் பிரிவு. நாம் ஆசிரியர் அறையில் 'மந்தம்' என்று சொல்லிக் கடைசி மேசைக்கு அனுப்பும் பிள்ளைகளின் பிரிவு! யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் அந்தத் தேர்வு நமக்குக் கற்றுத்தந்த தரம் பிரிக்கும் கண் இன்னும் நீங்கவில்லை.

அந்தப் பிரிவுக்கு ஒரு கசப்பான வரலாறும் உண்டு. 2000ஆம் ஆண்டு சிட்னியில், அறிவுசார் குறைபாடு உடையோர்க்கான கூடைப்பந்தில் தங்கம் வென்ற ஸ்பெயின் குழுவின் பன்னிருவரில் பத்துப் பேருக்கு அப்படியொரு குறையே இல்லை என்பது பின்னர் வெளிப்பட்டது. விளைவு? 2004, 2008 இரு பாராலிம்பிக்கிலும் இந்தப் பிரிவினர் எவருக்கும் இடமில்லை. நன்றாயிருந்தவர்கள் செய்த மோசடிக்குக் குறையுள்ளவர்கள் முன் கதவு சாத்தப்பட்டது. 2012 லண்டனில்தான் மீண்டும் திறந்தது. திறந்த அந்த முதல் வாய்ப்பிலேயே வெண்கலம் பெற்றவர் நம் சியாட். கதவு மூடியிருந்த ஆண்டுகளிலும் அவருக்கு மனவுறுதி இருந்திருக்கும். அதைக் கொண்டு அவர் எங்கே போய் எறிவது?

இனி வழக்கமான மறுப்புகளுக்கு வருகிறேன். "கேமரன் மலையில் திடலே சரிவு, மழை வேறு, பிள்ளை வழுக்கி விழுந்தால் யார் பொறுப்பு?" என்பார்கள். தேயிலைச் சரிவைப் பற்றி எனக்கும் தெரியும். ஆனால் விளையாட்டென்றால் ஓட்டம் மட்டுமா? போச்சா என்றொரு விளையாட்டு 1984 முதல் பாராலிம்பிக்கில் இருக்கிறது. உட்கார்ந்தபடியே ஆடலாம். ஒரு வெள்ளைப் பந்தை முதலில் உருட்டிவிட்டு, அதற்கு மிக அருகில் தன் பந்துகளைச் சேர்ப்பவர் வெல்வார். கையால் எறிய இயலாதவர் சாய்தளத்தில் உருட்டலாம். மண்டபத்துக்குள் ஆடுவதால் மழையும் தடையில்லை. பழைய காலுறைக்குள் பச்சைப் பயறு நிரப்பித் தைத்தால் பந்து ஆயிற்று. செலவு என்ற பேச்சுக்கு இங்கே இடமே இல்லை.

"மாவட்டப் போட்டிக்கு ஆள் தேர்ந்தெடுக்க வேண்டுமே" என்பது அடுத்தது. தேர்ந்தெடுங்கள், யார் தடுத்தார்? மாவட்டத்துக்குப் போகாத முட்டை கரண்டி ஓட்டத்திற்கும் சாக்கு ஓட்டத்திற்கும் இல்லப் புள்ளி தருகிறோம் அல்லவா? 2019 முதல் எந்தப் பிள்ளையையும் நிராகரிக்கக் கூடாது என்பது கல்வி அமைச்சின் கொள்கை. அது பள்ளி வாயிலோடு நின்றுவிட்டது. திடலின் கோட்டுக்குள் இன்னும் வரவில்லை.

பெற்றோர்களிடம் ஒரு சொல். பிள்ளையை ஊனமுற்றோர் அட்டைக்குப் பதிந்தால் அக்காளின் கல்யாணம் தடைப்படும் என்று ஒளித்து வைப்பவர்களை இந்த மலையிலேயே பார்த்திருக்கிறேன். கோயில் திருவிழாவன்று தோட்டமே தேரின் பின்னால் போகையில், அந்த ஒரு வீட்டில் மட்டும் கதவு சாத்தியிருக்கும். பிள்ளை வெட்கப்படுவதாகச் சொல்வார்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு வெட்கத்தைக் கற்றுக்கொடுத்தது யார்?

நம்மைவிட மாணவர்கள் இதில் கெட்டிக்காரர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். தோட்டப்புறத்துச் சிறிய பள்ளிகளில் ஒருவனை மறைத்து வைக்க முடியாது. எல்லாரும் ஒரே லாரியில் வந்து ஒரே மேசையில் உண்பவர்கள். நான் மேற்சொன்ன மாணவனுக்காக அவன் நண்பர்கள் இடைவேளைக் கால்பந்தில் ஒரு விதி செய்திருந்தார்கள்: அவன் காலில் பந்து இருந்தால் மூன்று எண்ணும்வரை யாரும் பிடுங்கக் கூடாது. அவன் அடித்த கோல் முழுக் கோல். விதியை மீறியவனோடு சண்டையே நடந்தது. புறப்பாடக் கூட்டத்தில் ஒரு மணிநேரம் பேசியும் நமக்குத் தோன்றாத விதியை, இடைவேளை இருபது நிமிடத்தில் அவர்கள் செய்து முடித்தார்கள்.

அடுத்த போட்டிக்கான பட்டியலைத் தயாரிக்கும் ஆசிரியர்கள் போச்சாவை ஒரு நிகழ்ச்சியாகச் சேர்த்து, முதல் மூன்று இடங்களுக்கு 100 மீட்டர் ஓட்டத்திற்கு உள்ள அதே இல்லப் புள்ளிகளைப் போட வேண்டும். குறையுள்ளவர், இல்லாதவர் என்று பிரிக்காமல் எல்லாரும் உட்கார்ந்தே எறியட்டும். ஏற்கெனவே செய்து பார்த்தவர்கள் எனக்கு எழுதுங்கள். ஒரு காலுறைக்குப் பயறு எவ்வளவு பிடிக்கும் என்பது உட்பட.