51 போதாதாம்!

அமெரிக்காவில் ஒரு தொழிலாளிக்கு மத்திய சர்க்கார் சட்டப்படி கொடுத்தாக வேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7 டாலர் 25 சென்ட். இது 2009 ஜூலையில் அமுலுக்கு வந்தது. அதன் பிறகு ரொட்டி விலை ஏறியது. வீட்டு வாடகை ஏறியது. கம்பெனிகளின் லாபம் ஏறியது. கூலி மட்டும் 2025 முடியும் வரை ஒரு சென்ட் கூட ஏறவில்லை. சில மாகாணங்கள் தங்கள் சொந்தச் சட்டத்தால் கூடுதல் கூலி வைத்திருக்கின்றன. அப்படி வைக்காத மாகாணங்களில், முக்கியமாகத் தெற்கே, உழைப்பவனுக்குக் கதி இந்த 7 டாலர் 25 சென்ட்தான்.

ஏன் ஏறவில்லை? மசோதா வரவில்லையா? வந்தது. 10 டாலர் 10 சென்டாக உயர்த்தும் மசோதாவை எடுத்துக்கொள்ளலாமா என்று 2014 ஏப்ரலில் செனட் சபையில் ஓட்டெடுத்தார்கள். எடுக்கலாம் என்றவர்கள் 54 பேர். கூடாது என்றவர்கள் 42 பேர். 54 பேர் தோற்றார்கள், 42 பேர் ஜெயித்தார்கள்! அச்சுப் பிழை என்று வாசகர்கள் எண்ண வேண்டாம். அந்தச் சபையில் கணக்கே அப்படித்தான்.

அந்த நாட்டுப் பார்லிமெண்டுக்குக் காங்கிரஸ் என்று பெயர். (நம் நாட்டுக் காங்கிரஸ் கட்சியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) அதில் கீழ்ச்சபை பிரதிநிதிகள் சபை, மேல்சபை செனட். செனட்டில் 100 பேர், மாகாணத்துக்கு இரண்டு பேர் வீதம். 2020 ஜனக்கணக்குப்படி காலிபோர்னியாவில் 3 கோடியே 95 லட்சம் பேர். வயோமிங்கில் 6 லட்சம் கூட இல்லை. இரண்டுக்கும் இரண்டிரண்டு செனட்டர்களே! இந்த அநியாயம் போதாதென்று இதற்கு மேல் இன்னொரு பூட்டும் போட்டிருக்கிறார்கள். ஒரு மசோதாவின் மீது பேச்சை முடித்து ஓட்டுக்கு விட வேண்டுமானால் 60 பேர் சம்மதிக்க வேண்டும். 41 பேர் மறுத்தால் பேச்சு முடியாது. பேச்சு முடியாவிட்டால் ஓட்டு இல்லை. ஓட்டு இல்லாவிட்டால் சட்டம் இல்லை.

மில் வாசலில் சங்கப் பொதுக்குழு கூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். போனஸ் கோரிக்கைக்கு நூற்றுக்கு 59 பேர் கை தூக்குகிறார்கள். தலைவர் எழுந்து, “59 போதாது, கோரிக்கை தள்ளுபடி” என்று சொன்னால் கூட்டம் சும்மா இருக்குமா? தலைவர் நாற்காலியில் இருப்பாரா?

இந்த முட்டுக்கட்டைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘பிலிபஸ்டர்’. கடற்கொள்ளைக்காரனைக் குறிக்கும் பழைய டச்சுச் சொல்லின் வழி வந்த வார்த்தை அது. பொருத்தமான பெயர்தான்!

முன்பெல்லாம் மறிக்கிறவர் எழுந்து நின்று பேசியாக வேண்டும். 1935ல் லூசியானா செனட்டர் ஹூயி லாங் 15 மணி நேரத்துக்கு மேல் பேசினார். பேச விஷயமில்லாமல் சிப்பி வறுக்கும் பக்குவம் எல்லாம் சபைக்குச் சொன்னார். கூத்துதான். ஆனாலும் கால் வலிக்க நின்றார். 1970களுக்குப் பிறகு அந்தச் சிரமமும் இல்லை. மறிக்கிறோம் என்று தெரிவித்துவிட்டால் போதும், மசோதா பரணில் ஏறிவிடும். சபை வேறு வேலையைப் பார்க்கும். மறித்தவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கலாம். நாம் ஷிப்டுக்கு ஐந்து நிமிஷம் பிந்தினால் அரை நாள் கூலி போகிறது!

இது அவர்களுடைய அரசியல் சட்டத்தில் இருக்கிறதா என்றால், இல்லை. வெளிநாட்டு ஒப்பந்தத்துக்கும் ஜனாதிபதியின் மறுப்பை மீறுவதற்கும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டுமென்று அதில் எழுதியிருக்கிறது. சாதாரண மசோதாவுக்கு அப்படி எதுவும் எழுதவில்லை. செனட் தனக்குத்தானே வகுத்துக்கொண்ட நடைமுறை விதி இது. 1806ல், பேச்சை முடித்து ஓட்டெடுப்பதற்கு இருந்த விதியைப் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்தச் சந்து வழியாகத்தான் பின்னால் முட்டுக்கட்டை நுழைந்தது. நூறு வருஷத்துக்கு மேல் பேச்சை நிறுத்த வழியே இல்லை. 1917 மார்ச்சில் வியாபாரக் கப்பல்களில் பீரங்கி ஏற்றும் மசோதாவை ஒரு சிறு கூட்டம் மறித்தது. சில நாட்களுக்குள் புது விதி பிறந்தது: மூன்றில் இரண்டு பங்கினர் ஓட்டளித்தால் பேச்சை நிறுத்தலாம். அடுத்த மாதம் அமெரிக்கா யுத்தத்தில் குதித்தது. யுத்தத் தேவை என்றால் விதி எத்தனை சுருக்காக வளைகிறது பாருங்கள்! இந்த மூன்றில் இரண்டைத்தான் 1975ல் 60 ஆகக் குறைத்தார்கள்.

சிறுபான்மையோரின் குரலைக் காக்கும் கவசம் இது என்கிறார்கள். எந்தச் சிறுபான்மையோர்? கறுப்பின மக்களைக் கும்பல் சேர்ந்து மரத்தில் தூக்கிக் கொன்ற காலம் அது. அந்தக் கொலையை மத்தியக் குற்றமாக்கும் மசோதாவைக் கீழ்ச்சபை 1922ல் நிறைவேற்றியது. தென் மாகாணச் செனட்டர்கள் மறித்தார்கள், மசோதா செத்தது. 1938ல் மறுபடி மறித்தார்கள். அந்தச் சட்டம் கடைசியாகக் கையெழுத்தானது 2022 மார்ச்சில், சரியாக நூறு வருஷம் கழித்து! ஓட்டுப் போட வரி கட்ட வேண்டும் என்று ஏழைகளை விரட்டிய கொடுமையை ஒழிக்கக் கீழ்ச்சபை 1942 முதல் 1949 வரை ஐந்து முறை மசோதா நிறைவேற்றியது. ஐந்தும் செனட்டில் கரையேறவில்லை. 1957ல் தென் கரோலினாவின் ஸ்ட்ராம் தர்மண்ட் கறுப்பின மக்களின் உரிமை மசோதாவுக்கு எதிராக 24 மணி 18 நிமிஷம் பேசினார். 1964 மசோதாவைச் சுமார் 60 வேலை நாட்கள் மறித்தார்கள். வீதிகளில் திரண்ட மக்களின் போராட்டத்துக்குப் பிறகே ஜூன் 10 அன்று 71 ஓட்டுக்களால் அந்த அணை உடைந்தது. தர்மண்டின் மணிக்கணக்கை 2025ல் முறியடித்தவர் கோரி புக்கர் என்ற கறுப்பினச் செனட்டர் என்பது நமக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

தொழிலாளிகளுக்கு இந்த விதி செய்த துரோகம் தனிக் கதை. ஜே.பி. ஸ்டீவன்ஸ் என்று ஒரு பெரிய துணி மில் கம்பெனி. 1960களிலிருந்து, சங்கம் சேர்த்தவர்களைப் பொறுக்கியெடுத்து வேலைநீக்கம் செய்தது. தொழிலாளர் போர்டும் கோர்ட்டுகளும் திரும்பத் திரும்பக் குற்றம் என்றன. கம்பெனி கவலைப்படவில்லை. பாக்கிச் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு மறுபடி அதையே செய்வது அதற்கு மலிவாக இருந்தது. 1974ல் வட கரோலினாவின் ரோனோக் ராபிட்ஸ் ஊரில் அந்த மில் தொழிலாளர்கள் சங்கம் வேண்டுமென்று ஓட்டுப் போட்டு ஜெயித்தார்கள். ஒப்பந்தம் கையெழுத்தானது 1980ல். இப்படிப்பட்ட முதலாளிகளுக்குக் கடிவாளம் போட, சங்கத் தேர்தலை விரைவாக நடத்த, 1977ல் கீழ்ச்சபை ஒரு மசோதா நிறைவேற்றியது. ஜனாதிபதி கார்ட்டர் ஆதரித்தார். செனட்டிலும் பெரும்பான்மை இருந்தது. 1978 ஜூனில் ஆறு முறை பேச்சை முடிக்க ஓட்டெடுத்தார்கள். 58க்கு மேல் ஏறவில்லை. இரண்டு ஓட்டுக்கள்! அத்துடன் மசோதா கமிட்டிக்குத் திரும்பிப் போய் அங்கேயே மடிந்தது.

வேலை நிறுத்தம் செய்தவர்களின் இடத்தில் நிரந்தரமாகக் கருங்காலிகளை உட்கார வைப்பதைத் தடுக்கவும் மசோதா வந்தது. 1992ல் 57 பேரும் 1994ல் 53 பேரும் ஓட்டுப் போட்டும் அது தோற்றது. சங்கம் அமைப்பதைச் சுலபமாக்கும் மசோதாவுக்கு 2007ல் கிடைத்தது 51. அதுவும் தோற்றது.

சரி, கோடீஸ்வரர்களுக்கு வரி குறைக்க வேண்டுமானால் எத்தனை ஓட்டு வேண்டும்? அதற்கு 60 வேண்டியதில்லை! வரவு செலவு சம்பந்தமான மசோதாக்களுக்கு என்று தனியாக ஒரு குறுக்கு வழி இருக்கிறது. அதில் சாதாரணப் பெரும்பான்மை போதும். 2017ல் கம்பெனி வரியை 35 சதவீதத்திலிருந்து 21 சதவீதமாக வெட்டினார்கள், 51க்கு 48 என்ற ஓட்டில். 2025 ஜூலையில் அந்த வரிச் சலுகைகளை நீட்டித்து, ஏழைகளின் மருத்துவ உதவியான மெடிக்கெயிட்டில் கை வைத்த மசோதா 50க்கு 50 என்று நின்றது. உப ஜனாதிபதியின் ஒரு ஓட்டால் நிறைவேறியது. ஆனால் 2021ல் குறைந்தபட்சக் கூலியை 15 டாலராக்கும் பிரிவை அதே வழியில் கொண்டுவர முயன்றபோது, அது வரவு செலவில் சேராது என்று சபையின் விதி அதிகாரி சொல்லிவிட்டார். முதலாளியின் வரி வரவு செலவாம். தொழிலாளியின் கூலி வரவு செலவு இல்லையாம்!

அந்தப் பிரிவை எப்படியாவது சேர்க்கச் செனட்டர் சாண்டர்ஸ் முயன்றபோது கிடைத்தவை 42 ஓட்டுக்களே. தொழிலாளர் நண்பர்கள் என்று சொல்லிக்கொள்ளும் ஜனநாயகக் கட்சியின் வரிசையிலிருந்தே எட்டுப் பேர் எதிர்த்தார்கள். விதியை மாற்றிவிட்டால் எல்லாம் கைகூடிவிடும் என்று நாம் சொல்லவில்லை. 60 என்ற திரைக்குப் பின்னால் இவர்கள் ஒளிந்திருக்கிறார்கள் என்றே சொல்கிறோம். திரை இருக்கும் வரை, “நாங்கள் தயார், 60 கிடைக்கவில்லையே” என்று ஊருக்குப் போய்க் கைவிரிக்கலாம். திரை விலகினால் யார் கை தூக்கினார், யார் தூக்கவில்லை என்பது பட்டவர்த்தனமாகிவிடும்.

இன்னொரு ஆட்சேபம் உண்டு; அதை லேசாகத் தள்ள முடியாது. பிற்போக்காளர்கள் பெரும்பான்மையாக வரும்போது இந்த விதிதானே தடுப்பு என்கிறார்கள் சில நல்லவர்கள். 2025ல் மருத்துவ இன்ஷூரன்ஸ் மானியத்தைக் காக்க ஜனநாயகக் கட்சியினர் இதே ஆயுதத்தை எடுத்தார்கள். அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாட்கள் மத்திய சர்க்கார் இலாகாக்கள் பூட்டிக் கிடந்தன. லட்சக்கணக்கான ஊழியர்கள் சம்பளமில்லாமல் தவித்தார்கள். மானியம் காப்பாற்றப்படாமலே பூட்டுத் திறந்தது. முட்டுக்கட்டையை ஒழியுங்கள் என்று ஜனாதிபதி டிரம்பே அப்போது தன் கட்சிக்குச் சொன்னார். கட்சிச் செனட்டர்கள் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? அவர்களுக்கு வேண்டிய வரிச் சலுகைக்கும் நீதிபதி நியமனத்துக்கும் 51 ஏற்கனவே போதும். மற்றபடி எதுவும் நடக்காமல் இருப்பதே அவர்களுடைய எஜமானர்களுக்கு லாபம். கூலி ஏறாத ஒவ்வொரு வருஷமும் முதலாளிக்கு வரவுதானே!

விதியை மாற்ற முடியாது என்பதும் பொய். 2013ல் ஜனநாயகக் கட்சியினர் நியமனங்களுக்கு 60 வேண்டாம் என்று மாற்றினார்கள். 2017ல் குடியரசுக் கட்சியினர் சுப்ரீம் கோர்ட் நீதிபதிகளுக்கும் அப்படியே செய்தார்கள். 2025ல் நியமனங்களைக் கும்பலாக நிறைவேற்ற மறுபடி மாற்றினார்கள். மூன்று முறையும் சாதாரணப் பெரும்பான்மைதான். நீதிபதிக்கு வளைந்த விதி கூலிக்காரனுக்கு வளையாதா?

செனட்டர்களே! போதிய நாட்கள் பேசுங்கள்; எதிர்ப்பவர்கள் தங்கள் வாதத்தை முழுக்கச் சொல்லட்டும். அதற்குப் பிறகு சாதாரணப் பெரும்பான்மையால் பேச்சை முடித்து ஓட்டெடுக்கும்படி விதியைத் திருத்துங்கள். அதற்கு இன்று மனமில்லை என்றால், மறிக்கிறவர் சபையில் நின்று பேசியே மறிக்கட்டும். 41 பேரும் அங்கே உட்கார்ந்திருக்கட்டும். 2022 ஜனவரி 19 அன்று, ஓட்டுரிமை மசோதா ஒன்றுக்கு மட்டும் இந்தத் திருத்தத்தைச் செய்ய முயன்றபோது 48க்கு 52 என்று தோற்றது. ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த மான்சினும் சினமாவும் எதிர்ப்பக்கம் போய் நின்றார்கள். இருவரும் இன்று அந்தச் சபையில் இல்லை. அந்த ஓட்டை மறுபடி எடுங்கள். இம்முறை ஓட்டுரிமையோடு கூலியையும் சங்க உரிமையையும் சேர்த்து எடுங்கள்.