சுருதி பிசகியதா, செவி பிசகியதா?

ஜாஸ் இசைக் கலைஞர் ஜார்ஜ் லூயிசின் கிளாரினெட் வாசிப்பைப் பண்படாதது என்றும், சுருதி நிலைகொள்ளாதது என்றும் எழுதிவைத்த திறனாய்வாளர் உளர். இசைக்குறிப்பைப் படிக்க அறியாதவரிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும் என்பது அவர்களது வாதம். இவ்வாதத்தை நாம் ஏற்பதற்கில்லை.

1900-ஆம் ஆண்டு நியூ ஆர்லியன்ஸ் நகரில் பிறந்த இக்கறுப்பினக் கலைஞர் இசைக்குறிப்பைப் படித்ததில்லை, உண்மைதான். இசையால் வயிறு நிரம்பாமையால் கப்பல்துறையில் சுமை தூக்கினார். 1944-இல் அங்கு நேர்ந்த விபத்தில் மார்பில் காயமுற்று வீட்டில் கிடந்தார். பாஞ்சோவுடன் லாரன்ஸ் மரேரோவும் பெரிய பாஸ் வாத்தியத்துடன் ஸ்லோ டிராக் பவஜோவும் அவரது படுக்கையருகே வந்தனர். வில்லியம் ரசல் அங்கேயே ஒலிப்பதிவு செய்தார். 'பர்கண்டி ஸ்டிரீட் புளூஸ்' பிறந்த கதை இது.

அதில் வேகமில்லை, வித்தை காட்டலில்லை. ஒரு சிறு மெட்டு திரும்பத் திரும்ப வருகிறது. வருந்தோறும் சற்றே மாறி வருகிறது. சுரம் கீழிருந்து வழுக்கி மேலேறி, நடுங்கி, தன் இடத்தை அடைகிறது. சில வேளை அடையாமலே நின்றுவிடுகிறது. இதைத்தான் பிழை என்கின்றனர்! பியானோவின் இரு கட்டைகளுக்கு இடையே நிற்கும் சுரங்கள் புளூஸ் இசையின் இலக்கணம் அன்றோ? அழுபவன் குரலைச் சுருதிப்பெட்டி வைத்தா அளப்பது?

1938-இல் கார்னகி அரங்கை நிறைத்த பென்னி குட்மனின் துல்லியத்தை நாமும் வியக்கிறோம். ஆனால் அதே அளவுகோலை நியூ ஆர்லியன்சுக்கு எடுத்துச் செல்வது முறையன்று. அங்கே எக்காளம் மெட்டைச் சொல்ல, டிரம்போன் கீழே தாங்க, கிளாரினெட் மேலே கொடியாய்ப் படர வேண்டும். மூன்றும் ஒரே நேரத்தில் பேசும்போது பிறருக்கு வழிவிட்டுப் படர்வது எளிய கலையன்று.

லூயிசைப் புகழ்ந்தவர்களும் தவறிழைத்தனர். கலை அறியாத வெள்ளை மனத்தவர், இயற்கையின் குழந்தை என்றெல்லாம் பாராட்டினர். இது இகழ்ச்சியின் மறுமுகம். ஊர்வல வாத்தியக் குழுக்களிலும் நடன மன்றங்களிலும் பல்லாண்டு உழைத்துத் தேறியவர் அவர். எதை வாசிப்பது, எதை விடுவது என்று தெரிந்தே தெரிந்தெடுத்தார். கூலியாள் ஒருவன் சிந்தித்து வாசிக்கக்கூடும் என்பதை ஒப்புக்கொள்ள இவ்விரு சாராருக்கும் மனம் வரவில்லை.

1954-இல் ஒகையோ மாநிலத்து ஆலயம் ஒன்றின் மாலை வழிபாட்டில் அவரது குழு வாசித்தது. அதன் ஒலிப்பதிவு இன்றும் கிடைக்கிறது. நடன மன்றத்தில் ஒலித்த அதே கிளாரினெட்தான். பக்திக்கென அவர் குரலை மாற்றிக்கொள்ளவில்லை. ஆலயத்துக்கென்று தனிக்குரல் வைத்திருப்போர் கேட்க வேண்டிய பதிவு.

அவர் 1957-இல் இங்கிலாந்துக்கும், பின்னர் ஜப்பானுக்கும் சென்றார். அக்கர் பில்க் உள்ளிட்ட ஆங்கிலேய இளைஞர் பலர் அவர் வழியில் ஊதத் தொடங்கினர். 1968-இல் அவர் மறைந்த பின்னும் அவ்வழி தொடர்கிறது. அந்த நடுக்கத்தை மட்டும் பெயர்த்தெடுத்தவர்கள் ஏராளம். மூச்சை எங்கே நிறுத்துவது என்பதை அவரிடம் கற்றவர்கள் சிலரே.