0.883

பந்தய மிதிவண்டிக்காரர்களிடையே 0.883 என்ற எண் ஏறக்குறைய மந்திரமாகவே ஓதப்படுகிறது. பிரெஞ்சுப் பயிற்றுநர் சிரில் கிமாரிடமிருந்து கிரெக் லெமாண்ட் வழியாகப் பரவிய கணக்கு அது. கவட்டிலிருந்து தரைவரை காலை அளந்து அவ்வெண்ணால் பெருக்கினால், மிதிகள் சுழலும் அச்சின் நடுவிலிருந்து இருக்கையின் மேற்பரப்புவரை இருக்கவேண்டிய தொலைவு கிடைக்கும். 80 சென்டிமீட்டருக்கு 70.6. தொடங்குவதற்கு நல்ல கணக்குதான். அதையே தீர்ப்பாகக் கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. தளை தட்டாததாலேயே ஒரு வெண்பா கவிதையாகிவிடுகிறதா என்ன?

எடி மெர்க்ஸை எண்ணிப் பாருங்கள். 1969 செப்டம்பரில் பிரான்ஸின் புளுவா ஓடுகளத்தில் நேர்ந்த விபத்தில், அவருக்கு முன்னே மோட்டார் வண்டி ஓட்டிச் சென்ற ஃபெர்னான் வாம்ப்ஸ்ட் இறந்தார். மெர்க்ஸின் இடுப்பு பிசகியது. அதன்பின் அவர் இருக்கையை ஓயாமல் மாற்றிக்கொண்டிருந்தார், பந்தயத்தின் நடுவிலும்கூட. காலின் நீளம் மாறவில்லை. அமரும் உடல் மாறிவிட்டது. எந்தப் பெருக்கல் அதைச் சொல்லும்? 1972இல் மெக்சிகோ நகரில் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டியதும் அந்த உடலைக்கொண்டுதான்.

ஆகவே வலியைக் கேளுங்கள். முழங்காலின் முன்புறம் நொந்தால் இருக்கை பெரும்பாலும் தாழ்ந்திருக்கும். பின்புறம் இழுத்தாலோ, மிதிக்கையில் இடுப்பு இருபுறமும் ஆடினாலோ, உயர்ந்திருக்கும். பின்னே தள்ளினால் மிதியும் தொலைவாகும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அப்போது சற்றே தாழ்த்த வேண்டும். ஒருமுறைக்கு மூன்று நான்கு மில்லிமீட்டர் போதும். பழைய உயரத்தில் துண்டு நாடா ஒட்டிவைத்துச் சில நாள் ஓட்டிப் பார்த்தபிறகு அடுத்த திருகலுக்குப் போகலாம்.